சேலம் – சென்னை விமானம்: இணையதளம் 20 நிமிடம் என்கிறது, டிக்கெட் ஒரு மணி நேரம் என்கிறது. எது சரி?

அஸ்தம்பட்டி_வாசி

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அப்பாவைச் சென்னைக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. முழங்கால் மூட்டு வைத்தியம். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ரயிலா, விமானமா என்று வீட்டில் பட்டிமன்றமே நடக்கிறது. கணக்குப் பார்த்து முடிவு செய்யலாம் என்று இணையத்தில் தேடினால் குழப்பம்தான் மிஞ்சியது.

இரண்டு ஊர்களின் பெயரைக் கொடுத்தால் வான்வழித் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் காட்டும் தளங்கள் நிறைய இருக்கின்றன. ஒன்று 279 கிலோமீட்டர் என்கிறது. இன்னொன்று 265 என்கிறது. மூன்றாவது 165 மைல் என்று சொல்லிவிட்டு, கீழே 143 என்றும் போட்டிருக்கிறது. நேரம் 20 நிமிடமாம். டிக்கெட்டைப் பார்த்தால் புறப்படுவதற்கும் சென்று சேர்வதற்கும் நடுவே ஒரு மணி நேரம் இருக்கிறது. மீதி நாற்பது நிமிடம் எங்கே போகிறது? விஷயம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

குகை_மாரியப்பன்_தெரு

20 நிமிடத்தில் மாலை நேரத்து ஐந்து ரோட்டைக் கடக்க முடிந்தால் அதுவே பெரிய காரியம். சென்னைக்கே போய்விடலாம் என்கிறார்களா?

சங்கிலி_அளவை

நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தூரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நேரத்தைப் பற்றிப் பேச இங்கே வேறு ஆள் இருக்கிறார்.

நீங்கள் சொன்ன எண்கள் எல்லாமே சரிதான். 279 என்பது நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு. சேலத்துக்கு வடக்கு அட்சரேகை 11.66, கிழக்குத் தீர்க்கரேகை 78.15 என்றும் சென்னைக்கு 13.08, 80.27 என்றும் எடுத்துக்கொண்டு நடுவே கோடு போடுகிறார்கள். ஆனால் கலெக்டர் அலுவலக வாசலிலிருந்து எந்த விமானமும் கிளம்புவதில்லை. நம் நிலையம் ஓமலூருக்குப் பக்கத்தில் காமலாபுரத்தில் இருக்கிறது: 11.78, 78.07. அங்கே மீனம்பாக்கம்: 12.99, 80.17. நம்முடையது ஊருக்கு வடமேற்கே, அவர்களுடையது சென்ட்ரலுக்குத் தென்மேற்கே. இதனால் வடக்கு தெற்கு இடைவெளி குறுகி, மொத்தத்தில் 14 கிலோமீட்டர் மிச்சமாகிறது. ஆகவே 265 என்பதுதான் விமானத்துக்குப் பொருந்தும் தூரம்.

நம்பிக்கை இல்லாதவர்கள் பேனாவும் தாளும் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். அட்சரேகையில் ஒரு டிகிரி ஏறத்தாழ 111 கிலோமீட்டர். வித்தியாசம் 1.21 டிகிரி, ஆக 134. தீர்க்கரேகையில் ஒரு டிகிரி, நம் பக்கத்தில் 108.7 கிலோமீட்டர்தான், ஏனென்றால் வடக்கே போகப் போக அந்தக் கோடுகள் நெருங்கிவருகின்றன. வித்தியாசம் 2.1 டிகிரி, ஆக 228. பிறகு பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணம். விடை 265. பூமியின் வளைவு இவ்வளவு சிறிய தூரத்தில் கணக்கைக் கெடுக்காது. நியூயார்க்குக்குப் போவதாக இருந்தால்தான் வளைவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

265 கிலோமீட்டரை மைலாக்கினால் 165. விமானிகள் பயன்படுத்துவது கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் 143. உங்கள் மூன்றாவது தளம் இரண்டையும் பெயர் சொல்லாமல் அடுத்தடுத்துப் போட்டிருக்கிறது.

படத்தின் மேல் அளவுகோலை வைத்தால் அந்தக் கோடு போகும் வழி சுவையானது. காமலாபுரத்தில் தொடங்கி, சேர்வராயன் மலையின் வடபகுதியை உரசிக்கொண்டு, அரூரை ஒட்டிப் போகிறது. செங்கத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே புகுந்து, செய்யாற்றுக்கு மிக அருகே சென்று, காஞ்சிபுரத்தைத் தன் இடப்பக்கத்தில் விட்டுவிட்டு, படப்பையைத் தொட்டு மீனம்பாக்கத்தில் முடிகிறது. சாலையில் உளுந்தூர்பேட்டை வழியாகச் சுற்றினால் 340 கிலோமீட்டரை ஒட்டி வரும். ரயில் ஜோலார்பேட்டை, காட்பாடி வழியாக 334 கிலோமீட்டர் ஓடுகிறது.

காப்பித்தோட்டம்_ஏற்காடு

அய்யா சொன்ன நேர்கோட்டுக் கணக்கு எங்களுக்குப் பெரிய வயிற்றெரிச்சல். ஏற்காடு ஊரிலிருந்து காமலாபுரம் நேர்கோட்டில் 16 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் நாங்கள் விமானம் பிடிக்க வேண்டுமென்றால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, அடிவாரத்துக்கு வந்து, சேலத்தைச் சுற்றிக்கொண்டு ஓமலூர்ச் சாலையைப் பிடிக்க வேண்டும். 40 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். சனி, ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம், மலைப்பாதை முழுக்கச் சுற்றுலா வண்டிகள்.

எங்கள் தோட்டம் மேற்குச் சரிவில் இருக்கிறது. வெயில் தெளிவாக இருக்கும் நாளில், மிளகுக் கொடிக்கு மருந்தடித்துக்கொண்டு நிற்கும்போதே விமானம் கண்ணுக்கு நேராகப் போவதைப் பார்க்கலாம். அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. சில சமயம் இறக்கையின் மேற்புறம்கூடத் தெரியும், அந்த அளவுக்கு நமக்குக் கீழே இருக்கும். பிறகு வடக்கே டேனிஷ்பேட்டைப் பக்கம் ஒதுங்கி, சத்தம் மட்டும் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருக்கும். நேராக எங்கள் தலைக்கு மேல் சென்னைக்குப் போகாமல் ஏன் அப்படி ஒதுங்குகிறது என்பதுதான் எனக்கு வெகுநாள் சந்தேகம்.

மேட்டூர்_டிஸ்பேட்ச்

நான் ஒரு விமான நிறுவனத்தின் தரைப்பிரிவில், பறப்புத் திட்டம் போடும் வேலையில் இருந்தவன். ஏற்காட்டு அண்ணனின் சந்தேகத்திலிருந்தே தொடங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

காமலாபுரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டரைச் சற்றுத் தாண்டிய உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,623 மீட்டர். அதாவது நிலையத்துக்குக் கிழக்கே, கூப்பிடு தூரத்தில், 1,300 மீட்டர் உயரச் சுவர் ஒன்று நிற்கிறது. சேலத்துக்கு வருவது ஏ.டி.ஆர். 72 என்ற சிறிய விசிறி விமானம். நிமிடத்துக்கு ஆயிரம் அடியோ அதற்குச் சற்றுக் கூடவோ ஏறும். மலையின் உயரத்தை எட்டுவதற்கே நாலு நிமிடம் போல ஆகும், அதற்குள் 15 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். எட்டினால் மட்டும் போதாது, மலைக்கு மேல் போதிய இடைவெளியும் வேண்டும். ஆகவே மலை இல்லாத பக்கமாக உயர்ந்துவிட்டுத்தான் திரும்ப முடியும். ஓடுபாதை வடகிழக்கும் தென்மேற்குமாக அமைந்திருக்கிறது. வடகிழக்கு நோக்கிக் கிளம்பினால் மலைக்கும் தொப்பூர்ப் பக்கத்துக்கும் இடையே வழி கிடைக்கிறது. காற்று மாறி, தென்மேற்கு நோக்கிக் கிளம்பினால் முதலில் மேட்டூரைப் பார்க்கப் போய்விட்டு, பிறகு சென்னைக்குத் திரும்ப வேண்டும். முதல் சில நிமிடங்கள் இங்கேயே செலவாகிவிட்டன.

இனி அந்த 20 நிமிடத்துக்கு வருவோம். அந்தத் தளங்கள் செய்வது ஒரே வகுத்தல். 265-ஐ 800-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு, 20 நிமிடம். 800 கிலோமீட்டர் என்பது ஜெட் விமானம் 35,000 அடி உயரத்தில் நிதானமாகப் போகும்போது எட்டும் வேகம். ஏ.டி.ஆர். விசிறி வைத்தது. அதன் உச்சப் பயண வேகமே மணிக்கு 500 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அந்த வேகத்தில் வகுத்தாலும் 31 நிமிடம் வருகிறது. ஆனால் அந்த வேகத்தில் அது பறப்பதே வழியில் ஒரு பகுதிதான். பாருங்கள்.

16,000 அடிக்கு ஏறுவதாக வைத்துக்கொள்வோம். ஏறுவதற்கு 15 நிமிடம். ஏறும்போது வேகம் குறைவு, அதற்குள் 83 கிலோமீட்டர் கடந்திருக்கும். இறங்குவதற்கு எங்கள் தொழிலில் ஒரு வாய்ப்பாடு உண்டு: ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல். 16,000 அடிக்கு 48 கடல் மைல், அதாவது 89 கிலோமீட்டர், ஒரு 13 நிமிடம். மொத்தம் 265. ஏற்றமும் இறக்கமும் போக மிச்சம் 93 கிலோமீட்டர். அந்த 93 கிலோமீட்டரில்தான் முழு வேகம், 11 நிமிடம். கூட்டினால் 39. அரூர் தாண்டும்வரை ஏற்றம், செய்யாற்றுக்குச் சற்று முன்பே இறக்கம்.

இதோடு சென்னையில் வரிசையில் நிற்கும் நேரம் இருக்கிறது. எல்லாத் திசைகளிலிருந்தும் வருபவர்களைக் கட்டுப்பாட்டு அறை ஒரே கோட்டில் அடுக்க வேண்டும். விசிறி விமானம் மெதுவாக வருவது. பின்னால் வேகமான ஜெட் இருந்தால் நம்மை ஓரமாக ஒரு வட்டம் அடிக்கச் சொல்வதும் உண்டு. அதற்கு ஐந்து முதல் எட்டு நிமிடம். தரையில் ஓடுவதற்கு இரு பக்கமும் சேர்த்துப் பத்து நிமிடம். கணக்கு 55-க்கும் 60-க்கும் நடுவே வந்து நிற்கிறது.

டிக்கெட்டில் போடும் நேரம் சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையை எடுப்பதிலிருந்து, அங்கே போய் மறுபடி வைப்பது வரை. காற்றில் இருக்கும் நேரம் மட்டும் அல்ல. மேலும், 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அது நேரத்துக்கு வந்ததாகவே கணக்கில் சேரும். தாமதக் கணக்கில் மாட்டக் கூடாது என்று நிறுவனங்களும் சில நிமிடங்களைக் கூட்டித்தான் அட்டவணை போடுகின்றன. சில நாள் முன்கூட்டியே இறங்கிவிட்டு, விமானி பெருமையாக அறிவிப்பதன் ரகசியம் இதுதான்.

குகை_மாரியப்பன்_தெரு

அப்படியானால் ஜெட்டை விட்டால் 20 நிமிடத்தில் போய்விடுமா?

மேட்டூர்_டிஸ்பேட்ச்

போகாது. ஜெட்டும் ஏறி இறங்க வேண்டும். 35,000 அடிக்கு ஏறி இறங்குவதற்கே இந்தத் தூரம் போதாது, அதனால் தாழ்வாகத்தான் பறக்கும். 10,000 அடிக்குக் கீழே மணிக்கு 463 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருக்கிறது. பத்து நிமிடம் மிச்சம் பிடிக்கலாம், எரிபொருள் செலவு எகிறிவிடும். அதுவும் நம் ஓடுபாதை ஏறத்தாழ 1,800 மீட்டர், 6,000 அடிதான். நிறையப் பயணிகளை ஏற்றிய பெரிய ஜெட்டுக்கு அது போதாது.

பிளஸ்_டூ_அறிவியல்

ஒரு கேள்வி. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது அல்லவா? அப்படியானால் சென்னையிலிருந்து சேலத்துக்கு, அதாவது மேற்கே வரும்போது, சேலமே விமானத்தை நோக்கி வரும். நேரம் குறைய வேண்டுமே? விமானம் சும்மா மேலே நின்றாலே போதாதா?

மேட்டூர்_டிஸ்பேட்ச்

தம்பி, நல்ல கேள்வி. நம் பக்கத்தில் பூமியின் பரப்பு மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே ஓடுகிறது. காற்று மண்டலமும் கூடவே ஓடுகிறது. விமானம் கிளம்பும் முன்பே அந்த வேகம் அதற்கும் இருக்கிறது. அதனால் சுழற்சியால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. நீ சொல்கிறபடி இருந்தால் ஏற்காட்டில் துள்ளிக் குதித்தவர் மேற்கே ஓமலூர்ப் பக்கம் போய் விழ வேண்டும்.

உண்மையில் நேரத்தை மாற்றுவது காற்று. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கீழ்மட்டத்தில் மேற்கிலிருந்து காற்று வீசும். சென்னைக்குப் போகும்போது பின்னாலிருந்து தள்ளும், வரும்போது எதிர்த்து நிற்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொண்டால், முழு வேகத்தில் 265 கிலோமீட்டரை ஒரு பக்கம் 29 நிமிடத்திலும் மறுபக்கம் 34 நிமிடத்திலும் கடக்கலாம். ஐந்து நிமிட வித்தியாசம். ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே மேற்குக் காற்றினால் சென்னையில் கடல் பக்கத்திலிருந்து மேற்கு நோக்கி இறங்க வேண்டியிருக்கும், ஏனென்றால் விமானம் பொதுவாகக் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். தென்மேற்கிலிருந்து வரும் நாம் நகரைத் தாண்டிக் கடல் வரை போய், திரும்பி வந்து இறங்க வேண்டும். தள்ளிவிட்ட காற்றே அந்த லாபத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். வடகிழக்குக் காற்றுக் காலத்தில் நேர்மாறு: வழியெல்லாம் எதிர்க்காற்று, ஆனால் குன்றத்தூர்ப் பக்கமாக நேராக உள்ளே போய் இறங்கிவிடலாம். கோடையில் காலையில் ஒரு திசை, உச்சிக்குப் பிறகு கடற்காற்று எழுந்தால் வேறு திசை. அதனால்தான் ஒரே விமானம் ஒரு நாள் 45 நிமிடத்திலும் மறுநாள் 60 நிமிடத்திலும் போய்ச் சேர்கிறது.

ஜங்ஷன்_நாலாம்_நடைமேடை

எல்லாம் சரி. ஆனால் கேட்டவர் விமானி ஆகப் போவதில்லை, அப்பாவைக் கூட்டிப் போகப் போகிறார். வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து காமலாபுரம் 40 நிமிடம். செக்-இன் கவுன்டரை ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுகிறார்கள் என்பதால் ஒன்றேகால் மணி நேரம் முன்னதாகவே போய் நிற்க வேண்டும். பறப்பு ஒரு மணி நேரம். அங்கே இறங்கிப் பெட்டியை வாங்கி வெளியே வர 25 நிமிடம். சென்ட்ரல் பக்கம் போக மெட்ரோவில் 45 நிமிடம் என்று வையுங்கள், நடையும் காத்திருப்பும் சேர்த்து. நாலு மணி நேரம் ஆகிவிட்டது.

வந்தே பாரத்தில் சேலத்திலிருந்து சென்ட்ரல் ஏறத்தாழ நாலு மணி நேரம். கோவை – சென்னை வண்டி, 2023 ஏப்ரல் 8-ஆம் தேதி தொடங்கியது. ஜங்ஷனுக்கு 20 நிமிடம், அங்கே 20 நிமிடம் முன்னதாக. மொத்தம் நாலே முக்கால் மணி நேரத்துக்குள். முக்கால் மணி நேர லாபத்துக்காக இவ்வளவு சோதனை, வரிசை, பெல்ட், செருப்பு என்று பெரியவரை அலைக்கழிக்க வேண்டுமா? அதுவும் வேண்டாமென்றால் இருக்கவே இருக்கிறது இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ். படுத்தால் விடியலில் சென்ட்ரல்.

மேட்டூர்_டிஸ்பேட்ச்

உங்கள் கணக்கில் தவறு இல்லை, ஆனால் எல்லோரும் சென்ட்ரலுக்கே போவதாக வைத்துக்கொண்டீர்கள். மருத்துவமனை கிண்டியிலோ போரூரிலோ பல்லாவரத்திலோ இருந்தால்? சென்ட்ரலில் இறங்கி அங்கே வருவதற்குள் உங்கள் ரயிலின் கணக்கு ஐந்தரை ஆகிவிடும். விமானக் கணக்கு மூன்றே முக்கால்.

ஜங்ஷன்_நாலாம்_நடைமேடை

அப்படிப் பார்த்தால் விமானம் தாமதமானால்? ரத்தானால்? ஒரு முறை எனக்குக் காலையில் குறுஞ்செய்தி வந்தது, மதியப் பறப்பு ரத்து என்று. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பணம் திரும்பி வந்தது. ஆனால் அன்று மாலை நான் கையெழுத்துப் போட வேண்டிய பத்திரம் திரும்பி வரவில்லை.

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு

சென்னையை விட்டுத் தள்ளுங்கள். சேலம் விமானத்தின் அருமை தெரிய வேண்டுமானால் ஹைதராபாத்துக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். நான் வெள்ளிக் கொலுசு வியாபாரம். மாதிரிகளை எடுத்துக்கொண்டு அங்கே கடைகளுக்குப் போக வேண்டியிருக்கும். ரயிலில் ஓர் இரவு முழுக்கப் போதாது, பகலும் கொஞ்சம் போய்விடும். சரக்கு கையில் இருந்தால் தூக்கம் ஏது? அதே ஏ.டி.ஆரில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்.

சங்கிலி_அளவை அய்யாவுக்கு ஒரு விண்ணப்பம்: ஹைதராபாத், பெங்களூருக்கும் தூரம் சொல்லுங்கள்.

சங்கிலி_அளவை

ஹைதராபாத் நிலையம் ஏறத்தாழ நமக்கு நேர் வடக்கே இருக்கிறது. 605 கிலோமீட்டரைச் சுற்றி. பெங்களூரு நிலையம் 162.

மேட்டூர்த் தம்பியின் கணக்கை இதில் பொருத்திப் பாருங்கள். சென்னைக்கு ஏற்றமும் இறக்கமும் வழியில் மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிட்டன. ஹைதராபாத்துக்கு அவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் தூரம் இரண்டே கால் மடங்கு ஆனாலும் நேரம் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. பெங்களூருவில் இதற்கு எதிர்: ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பிக்க வேண்டும். தூரம் குறையக் குறைய விமானத்துக்கு வேலை இல்லாமல் போகிறது.

ஓசூர்ப்_பாதை

பெங்களூரு விஷயத்தில் அனுபவம் பேசுகிறேன். அங்கே விமான நிலையம் தேவனஹள்ளியில், நகருக்கு வடக்கே வெகு தொலைவில் இருக்கிறது. என் அலுவலகம் எலக்ட்ரானிக் சிட்டியில், நகரின் தென்கோடியில். விமானத்தில் போனால் நான் வேலை பார்க்கும் இடத்தைத் தாண்டிப் பறந்துபோய், இறங்கி, நகரம் முழுவதையும் குறுக்கே கடந்து திரும்ப வர வேண்டும். தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழாமல் இருந்தால் பஸ்ஸில் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் அலுவலக வாசலில் இறங்கிவிடுகிறேன்.

ஆனால் தேவனஹள்ளியில் வேறு விமானம் மாறி டெல்லிக்கோ வெளிநாட்டுக்கோ போகிறவர்களுக்கு அதே விமானம் தங்கம். மாற்றி ஏறுகிறவர்களுக்காகத்தான் அந்த வழித்தடமே என்று எனக்குத் தோன்றுகிறது.

பொன்னம்மாபேட்டை_அம்மா

என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். டிக்கெட் அனுப்பியிருக்கிறான். சென்னையில் இரவு 11 மணிக்கு ஏறினால் அங்கே காலை 6 மணி என்று போட்டிருக்கிறது. ஏழு மணி நேரம் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது என்று சொன்னால் சிரிக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் நாலரை மணி நேரம்தான் என்கிறாள். யார் சொல்வது சரி?

சங்கிலி_அளவை

பக்கத்து வீட்டுப் பெண் சொல்வதுதான் சரி அம்மா. டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரத்தைத்தான் போடுவார்கள். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 6 என்றால் இங்கே அதிகாலை 3:30. 11-லிருந்து 3:30 வரை எண்ணினால் நாலரை. திரும்பி வரும்போது டிக்கெட்டைப் பார்த்தால் இரண்டு மணி நேரத்திலேயே வந்துவிடுவது போலத் தோன்றும், அதையும் நம்பாதீர்கள். தூரம் 2,900 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இடையில் ஒரு முறையாவது எழுந்து நடங்கள்.

பொன்னம்மாபேட்டை_அம்மா

நல்லது. அவனுக்குச் சொல்லிவிடுகிறேன். சிரித்ததற்கு வேறு கணக்கு வைத்திருக்கிறேன்.

பழைய_ஓமலூரான்

எல்லோரும் உற்சாகமாகக் கணக்குப் போடுகிறீர்கள். நான் காமலாபுரத்தில் நிலையம் திறந்த காலத்திலிருந்து பார்க்கிறேன். 1993-இல் திறந்தார்கள். கொஞ்ச காலம் பறந்தது, நின்றது. 2009-இல் கிங்ஃபிஷர் வந்தது, சில ஆண்டில் அதுவும் போனது, பிறகு அந்த நிறுவனமே இல்லாமல் போயிற்று. சிறிய ஊர்களுக்கு விமானம் விட அரசு கைகொடுக்கும் உடான் திட்டத்தில் 2018 மார்ச் 25 அன்று ட்ரூஜெட் வந்தது. 2021-இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபர் 16-ஆம் தேதி அலையன்ஸ் ஏர் பெங்களூரு, கொச்சிக்கு ஆரம்பித்தது. 29-ஆம் தேதி இண்டிகோ வந்தது. நடுவே விமானமே இல்லாமல் கிடந்த ஆண்டுகளில் அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவர்களுக்குத்தான் நிலையம் பயன்பட்டது.

ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்கிறார்கள். நீட்டுவதற்கு நிலம் வேண்டும். காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி ஊர்க்காரர்கள் தங்கள் வயலைக் கொடுக்க மாட்டோம் என்று போராடியதையும் பார்த்தவன் நான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கிணறும் தென்னையும் இருக்கும் நிலம் அது. 20 நிமிடமா, ஒரு மணி நேரமா என்று நாம் சண்டை போடுகிறோம், அவர்களுக்கு அது தலைமுறைக் கணக்கு.

மேட்டூர்_டிஸ்பேட்ச்

பெரியவர் சொன்ன தேதிகளில் ஒன்றைக் கவனித்தீர்களா? 2018 மார்ச் 25, 2023 அக்டோபர் 29, இரண்டும் மாதத்தின் கடைசி ஞாயிறு. உலகம் முழுக்க விமான அட்டவணை அந்த இரு நாள்களில்தான் மாறும். மார்ச்சில் கோடை அட்டவணை, அக்டோபரில் குளிர்கால அட்டவணை. அதனால் அடுத்த மாதப் பயணத்துக்கு நண்பர்கள் சொல்லும் நேரத்தை நம்பாமல், புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நின்று நின்று வந்த வழித்தடம் என்பதும் உண்மை. உடான் திட்டத்தில் அரசு மூன்று ஆண்டு கைகொடுக்கும், பிறகு இருக்கைகள் நிரம்பினால்தான் வண்டி ஓடும்.

அஸ்தம்பட்டி_வாசி

எல்லோருக்கும் நன்றி. மருத்துவமனை கிண்டியை ஒட்டித்தான் இருக்கிறது என்பதால் விமானத்தின் பக்கம் மனம் சாய்கிறது. இன்னும் ஒரு கேள்விதான். அப்பாவால் படி ஏற முடியாது. அந்தச் சிறிய விமானத்தில் எப்படி ஏற்றுவார்கள்?

மேட்டூர்_டிஸ்பேட்ச்

இதைக் கேட்டது நல்லதாயிற்று. பெரிய நிலையங்களில் இருப்பது போன்ற இணைப்புப் பாலம் ஏ.டி.ஆருக்குக் கிடையாது. கதவு வால் பக்கத்தில், இடது கைப்புறம். கதவே கீழே மடங்கிப் படிக்கட்டாகிவிடும். ஐந்தாறு படிகள்தான், ஆனால் குறுகலானவை, ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். பக்கத்தில் நின்று கைத்தாங்கலாகப் பிடிக்க இடம் இருக்காது. ஆகவே டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்றும், படி ஏற முடியாதவர் என்றும் இரண்டையும் தெளிவாகப் பதிவு செய்யுங்கள். 'சக்கர நாற்காலி' என்று மட்டும் சொன்னால், படி வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டு, ஏறிக்கொள்ளுங்கள் என்று நிற்பார்கள். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு தொலைபேசியில் ஒரு முறை உறுதி செய்துவிடுங்கள்.

இருக்கை இரண்டும் இரண்டுமாக இருக்கும், நடு இருக்கை கிடையாது. கதவு பின்னால் இருப்பதால் பின்வரிசையில் எடுத்தால் நடை மிச்சம். விசிறிக்கு நேரான வரிசைகளில் இரைச்சலும் அதிர்வும் கூடுதல், அவை வேண்டாம். இறக்கை தலைக்கு மேல் இருப்பதால் எந்தச் சன்னலிலிருந்தும் கீழே பார்க்கலாம். மேல் அறை சிறியது. பெரிய கைப்பெட்டியை உள்ளே வைக்க இடம் இருக்காது, சரக்கில் போடச் சொல்வார்கள். மருந்தையும் எக்ஸ்ரே படங்களையும் தனிப் பையில் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜங்ஷன்_நாலாம்_நடைமேடை

ரயிலிலும் பெட்டிக்குப் படி இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். போகும்போது விமானத்தில் போங்கள். சிகிச்சை முடிந்து எந்தத் தேதியில் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று எந்த மருத்துவரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார். அதனால் திரும்புவதற்கு விமான டிக்கெட்டை இப்போதே வாங்கிப் பணத்தை முடக்காதீர்கள்.

அஸ்தம்பட்டி_வாசி

இது நல்ல யோசனை. அப்படியே செய்கிறேன்.

காப்பித்தோட்டம்_ஏற்காடு

இழை முடிவதற்குள் நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கொச்சியில் காப்பிக்கொட்டை வாங்கும் ஒருவரைப் பார்க்க வேண்டும். அது சென்னையைவிடக் கிட்டத்தில்தானே?

சங்கிலி_அளவை

ஒரு துளிதான் கிட்டம். நிலையத்திலிருந்து நிலையத்துக்கு 256 கிலோமீட்டர், சென்னையைவிட ஒன்பது குறைவு. கோடு ஈரோட்டை ஒட்டி, திருப்பூர் மேலாக, பொள்ளாச்சிக்குச் சற்று வடக்கே போய், நெல்லியாம்பதி மலையைத் தாண்டி இறங்குகிறது. கொச்சி நிலையமும் ஊருக்குள் இல்லை, நெடும்பாசேரியில் இருக்கிறது. எறணாகுளத்துக்கு அங்கிருந்து ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.